ஒரே பலகையில் ஐந்து நிறம்: குறைப்பு முறை மரச்செதுக்கு அச்சு, படிப்படியாக

மரச்செதுக்கு அச்சில் பல நிறம் வேண்டுமென்றால் நிறத்துக்கு ஒரு பலகை செதுக்குவதுதான் வழக்கம். குறைப்பு முறையில் பலகை ஒன்றே ஒன்று. முதலில் வெளிர் நிறம் ஒன்றை எல்லாத் தாள்களிலும் அச்சிடுகிறோம். அந்த நிறமாகவே நிற்க வேண்டிய இடங்களைப் பலகையிலிருந்து செதுக்கி எடுத்துவிட்டு, சற்று அடர்ந்த அடுத்த நிறத்தை அதே தாள்களின் மேல் ஏற்றுகிறோம். மறுபடி செதுக்கு, மறுபடி அச்சு. கடைசி நிறம் ஏறும்போது பலகையில் மிஞ்சியிருப்பது சில கோடுகளும் திட்டுகளும்தான். பத்துப் படி போட்டு முடித்தபின் பதினோராவது கேட்டால் கடவுளே வந்தாலும் தர முடியாது. இதைத் 'தற்கொலை அச்சு' என்று மேலைநாட்டு ஓவியர்கள் கேலியாகச் சொல்வது சும்மா இல்லை.

பத்திக் துணி செய்கிறவர்களைப் பார்த்திருந்தால் இந்தத் தர்க்கம் உடனே பிடிபடும். அங்கே மெழுகு பூசிய இடம் அப்போதைய நிறத்திலேயே நின்றுவிடும். துணியை அடுத்த சாயத்தில் முக்குவார்கள். இங்கே மெழுகின் வேலையை உளி செய்கிறது.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் பிக்காசோ. கண்டுபிடித்தவர் அல்ல. தெற்கு பிரான்சின் வலோரிஸ் ஊரில் இதால்கோ ஆர்னேரா என்ற அச்சாளரோடு சேர்ந்து லினோலியத்தில், அதாவது தரையில் விரிக்கும் மென்மையான தகட்டில், வேலை செய்துகொண்டிருந்தார். 1958இல் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் கிரானாக்கின் ஓவியம் ஒன்றைத் தழுவிப் பெண் உருவம் ஒன்றை நிறத்துக்கொரு தகடாகச் செதுக்கினார். அத்தனை தகடுகளையும் ஒன்றோடொன்று பொருத்துவது பெரும்பாடு. அதற்கடுத்த ஆண்டுகளில் ஒரே தகட்டைக் குறைத்துக்கொண்டே போகும் வழிக்கு வந்துவிட்டார். லினோவில் வெண்ணெய் போல வழுக்கிப் போகும் உளி, மரத்தில் நார் பார்த்துத்தான் போகும். அதனால் மரத்தில் இதைச் செய்கிறவனுக்குத் தலைவலி ஒரு பங்கு கூடுதல்.

கீழே வருவது நான் செய்த ஓர் அச்சை வைத்துச் சொல்வது. பழவேற்காடு ஏரி, விடிகாலை, ஒரு படகு, படகில் சின்னச் சிவப்புக் கொடி, கரையோரம் ஒரு கொக்கு. அளவு 25 × 30 சென்டிமீட்டர். தாளின் வெள்ளை போக ஐந்து நிறம். கொடிக்கு மட்டும் ஆறாவதாகக் கொஞ்சம் சிவப்பு.

1. உளியைத் தொடுமுன்: வரிசை

இந்தக் கலையில் கை தவறிக் கெட்ட அச்சுகளைவிட வரிசை தவறிக் கெட்டவைதான் அதிகம் என்பது என் எண்ணம். மூளை ஒரு விஷயத்தில் அடம் பிடிக்கும்: செதுக்குவது என்றால் அழிப்பது என்றே அது நினைக்கிறது. இங்கே செதுக்குவது என்றால் காப்பாற்றுவது. எந்த இடத்தை வெட்டி எறிகிறோமோ அந்த இடம் தாளில் பிழைத்துக்கொள்கிறது. வெட்டாத இடத்தின் மேல் அடுத்த நிறம் ஏறி மூடிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி 'இப்போது எதை அச்சிடப் போகிறேன்' என்பதல்ல, 'இப்போது தாளில் இருப்பதில் எதை வைத்துக்கொள்ளப் போகிறேன்' என்பது. இந்த வாக்கியத்தை மேசைக்கு முன்னால் எழுதி ஒட்டியிருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் படத்தின் வரிசை இப்படி இருந்தது. அச்சே ஏறுவதற்கு முன்பு கொக்கையும் தண்ணீரில் தெரியும் சூரிய ஒளியையும் செதுக்கிவிட்டேன். அவை தாளின் வெள்ளை. முதல் நிறம் வெளிர் மஞ்சள், அடிவானத்துக்கு. இரண்டாவது ஆரஞ்சு கலந்த ரோஜா, மேகத்துக்கு. மூன்றாவது சாம்பல் நீலம். தண்ணீரும் தூரத்துக் கரையும். நான்காவது கரும்பச்சை நீலம். அலையின் நிழல், படகின் பக்கம். ஐந்தாவது கறுப்பை ஒட்டிய பழுப்பு. படகின் அடிப்பாகம், கயிறு, துடுப்பு போடுகிற ஆள்.

படத்தை ஐந்து ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்தச் சுற்று முடிந்ததும் தாள் எப்படி இருக்கும் என்று வண்ணப் பென்சிலால் தீட்டிப் பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மூன்றாவது ஜெராக்ஸில் தப்பு தெரிந்தால் செலவு இரண்டு ரூபாய். மூன்றாவது சுற்றில் தெரிந்தால் பதினாறு தாள்.

பொதுவாக வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும். மஞ்சளின் மேல் ஒளி ஊடுருவும் நீலம் ஏறினால் பச்சையாகும். ஆரஞ்சின் மேல் நீலம் ஏறினால் அழுக்குச் சாம்பல் ஆகும். இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள, மிஞ்சிய பலகைத் துண்டில் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வைத்து எல்லா நிறங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்துப் பாருங்கள். டப்பாவில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். அடர்நிறத்தின் மேல் வெளிர் நிறம் வேண்டுமென்றால் வெள்ளை மை கலக்கலாம். மூடும், ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு களை வந்துவிடும். தவிர்ப்பதே நல்லது.

2. எத்தனை தாள்?

முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும். எனக்குப் பத்துப் படி வேண்டியிருந்தது. பதினாறு தாள் வெட்டினேன். கடைசியில் தேறியது ஒன்பது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டு தாள் பலியாகும் என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது. நிறம் கூடக்கூட உபரித் தாளும் கூட வேண்டும்.

எல்லாத் தாளும் ஒரே கட்டிலிருந்து, ஒரே திசையில் வெட்டியதாக இருக்கட்டும். மில் தாளுக்கு நார்த்திசை உண்டு; ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்கே அதிகமாக விரியும். பாதித் தாளை நீளவாக்கிலும் பாதியை அகலவாக்கிலும் வெட்டிவிட்டால் எந்த ஏற்பாடும் அவற்றை ஒன்று சேர்க்காது. கைக்காகிதத்தில் நார்கள் எல்லாப் பக்கமும் கலந்து கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் கந்தல் ஓரத்தை அளவுக்கோடாக வைத்துப் பொருத்த முடியாது. இரண்டு பக்கமாவது நேராக வெட்டிக்கொள்ள வேண்டும்.

தாளை நனைத்து அச்சிடும் வழக்கம் உள்ளவர்கள் இங்கே அதை மறந்துவிடலாம். இன்று நனைத்த தாள் நாலு நாள் கழித்து அதே அளவுக்கு நனையாது. உலர்ந்த தாள்தான். அதையும் அச்சிடும் அறையிலேயே இரண்டு நாள் விரித்து வைத்துப் பழக்கிவிட்டுத் தொடங்குங்கள். சென்னையில் ஐப்பசி மழையில் தொடங்கி, வெயில் அடித்தபின் தொடர்ந்த ஒரு அச்சில் தாள் சுருங்கி ஒரு மில்லிமீட்டர் விலகியது. பலகையைக் குற்றம் சொல்லி இரண்டு நாள் அளந்துகொண்டிருந்தேன்.

தாள்களின் பின்புறம் பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே வரிசையில் அச்சிட்டால் எல்லாத் தாளுக்கும் உலர ஒரே அளவு நேரம் கிடைக்கும்.

3. பலகை

மலிவான பிளைவுட்டில் மேல்தோல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. உளி வைத்ததும் தோல் பெயர்ந்து அடுத்த அடுக்கின் குறுக்கு நார் பல்லிளிக்கும். உள்ளே பொந்து இருந்தால் அதோடு சரி. ஜப்பானியர்கள் விரும்பும் ஷினா பிளைவுட் மென்மையானது, நார் அடக்கமானது. கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காதபோது பர்ச் பிளைவுட். மரநாரை அரைத்து அழுத்திய எம்.டி.எஃப். பலகையில் நார்த்திசையே இல்லை என்பதால் எந்தத் திசையிலும் வெட்டலாம், ஆனால் மெல்லிய கோடு சில அச்சுக்குப் பின் உதிரத் தொடங்கும், தூசியும் நெஞ்சுக்கு ஆகாது; முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டிப் பலகையில் மாற்றுங்கள். பென்சில் கோடு முதல் சுற்றின் மையைத் துடைக்கும்போதே போய்விடும். நீர் புகாத இந்தியன் இங்க் கொண்டு கோட்டை வரைந்து, அதன் மேல் மெலிதாகப் பிரெஞ்சு பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) ஒரு பூச்சுக் கொடுங்கள். பலகையைத் துடைக்கும் மண்ணெண்ணெயில் அரக்கு கரையாது. கோடு கடைசிச் சுற்று வரை நிற்கும். மையும் மரத்துக்குள் இறங்காது. பாலிஷுக்கு முன் பலகைக்கு லேசாகச் சிவப்புச் சாயம் பூசினால் வெட்டிய இடம் வெளிறித் தெரியும். எதை வெட்டினோம், எதை வெட்டவில்லை என்ற குழப்பம் தீரும். மூல வரைபடத்தின் டிரேசிங் தாளைத் தூக்கி எறியாதீர்கள். நடுவில் கோடு மங்கினால் அதுதான் கைகொடுக்கும்.

4. ரெஜிஸ்டர்

சிவகாசி அச்சகங்களில் 'ரெஜிஸ்டர் விலகிடுச்சு' என்பார்கள். நான்கு நிறத் தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராத நிலை. நமக்கும் அதே நோய்தான். ஆனால் அவர்களுக்குத் திருகைத் திருகி அடுத்த தாளில் சரிசெய்ய வழி உண்டு. நமக்கு இருப்பது அந்தப் பதினாறு தாள்தான்.

இரண்டு விஷயம் நகரக் கூடாது: பலகையும் தாளும். பலகையைவிடப் பெரிதாக ஓர் அடிப்பலகை எடுத்து, ஒரு மூலையில் 'ட' வடிவில் இரண்டு சட்டம் ஆணி அடித்து ஒட்டுங்கள். செதுக்கிய பலகை ஒவ்வொரு முறையும் அந்த மூலைக்குள் இடித்து உட்கார வேண்டும். சட்டத்தின் உயரம் பலகையின் உயரமே இருக்கட்டும்.

தாளுக்கு இரண்டு வழி. ஜப்பானிய கென்தோ முறையில் ஒரு மூலையில் 'ட' வடிவப் பள்ளமும், அதே ஓரத்தில் சற்றுத் தள்ளி ஒரு நேர்ப்பள்ளமும் வெட்டி, அவற்றில் தாளின் மூலையையும் ஓரத்தையும் முட்டவைத்து இறக்குவார்கள். பழகிய கைக்கு இதைவிட வேகமானது இல்லை. எனக்குப் பழகவில்லை. நான் செய்வது ஊசி முறை: அடிப்பலகையின் தலைப்பில் இரண்டு சின்ன உலோகக் குமிழ்களை ஒட்டி, ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் அந்தக் குமிழில் மாட்டும் துளையுள்ள பிளாஸ்டிக் பட்டை இரண்டை டேப்பால் ஒட்டிவிடுவது. இதற்கென்றே டெர்ன்ஸ் பர்ட்டன் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த குமிழும் பட்டையும் பல நாடுகளில் புழங்கின. விலை கட்டுப்படியாகாதவர்கள் அலுவலகப் பஞ்சிங் மெஷினையும் பழைய ஓ.எச்.பி. பிளாஸ்டிக் தாளையும் வைத்துச் சமாளிக்கலாம். குமிழின் விட்டம் துளைக்குள் ஆடாமல் இருப்பதுதான் முக்கியம். பட்டைகளைத் தாளில் ஒட்டும்போது தாள் குமிழில் மாட்டிய நிலையிலேயே ஒட்டுங்கள். கடைசிச் சுற்று முடியும்வரை பிரிக்காதீர்கள்.

தொடங்குமுன் ஒரே பலகையை ஒரே தாளில் இரண்டு முறை அச்சிட்டுப் பாருங்கள். கோடு தடிக்காமல் ஒற்றைக் கோடாகவே தெரிந்தால் ஏற்பாடு சரி.

5. செதுக்கல்

உளி மழுங்கியிருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். அரை மணிக்கொரு முறை தோல்பட்டையில் பாலிஷ் பசை தடவி இழுத்துக்கொள்ளுங்கள். முனைக்கு முன்னால் மற்றொரு கை வேண்டாம். பலகையை ஒரு தடுப்புச் சட்டத்தில் முட்டக்கொடுத்து இரண்டு கையும் உளிக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

பலகையில் நிற்க வேண்டிய விளிம்பைச் சுற்றி முதலில் கத்தியால் ஒரு தடுப்புக்கோடு போடுங்கள். கத்தி செங்குத்தாக அல்ல, உருவத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். கோட்டின் அடி அகலமாக நின்றால்தான் அடுத்த நான்கு சுற்றின் அழுத்தத்தைத் தாங்கும். பிறகு வி வடிவ உளி, அதன்பின் அகன்ற யூ வடிவ உளி. நாருக்குக் குறுக்கே வி உளியைத் தள்ளினால் இரண்டு கரையும் பிய்யும். தடுப்புக்கோடு இருந்தால் பிய்ச்சல் அந்தக் கோட்டோடு நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே ஆழத்துக்கு வெட்டத் தேவையில்லை. மெல்லிய கோடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் போதும், அகலமான வெற்றிடத்துக்கு மூன்று வேண்டும். ஏனென்றால் வெற்றிடம் அகலமாக ஆக ரோலர் அதற்குள் குனியும், தாளும் தொங்கும். உளி விட்டுப்போன வரப்புகள் மை வாங்கி, வேண்டாத கீறல்களாகத் தாளில் விழும். முதல் சுற்றில் அந்தக் கீறல் அழகாகக்கூட இருக்கும். மூன்றாவது சுற்றில் வெளிர் மேகத்தின் நடுவே நீலக் கீறல் விழுந்தால் அழகு எல்லாம் போய்விடும்.

6. மை

எண்ணெய் மையைத்தான் சொல்கிறேன். ஒரு சுற்றுக்குத் தேவையான மையை மொத்தமாக ஒரே தடவையில் கலக்குங்கள். பத்தாவது தாளில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் வரவே வராது. முதல் மூன்று நிறத்துக்கும் ஒளி ஊடுருவும் வெற்று மையைத் தாராளமாகச் சேர்த்தேன். கீழிருக்கும் நிறம் மேலே வந்து பேசும்.

ஐந்து அடுக்கு ஏறப்போகிறது என்பதை ஒரு நொடியும் மறக்கக் கூடாது. அடுக்கு தடித்தால் தாள் ரெக்சின் போலப் பளபளக்கும், அடுத்த மை அதன் மேல் ஒட்டாமல் வழுக்கிப் புள்ளி புள்ளியாக நிற்கும். எவ்வளவு மை போதும் என்பதைக் காதுதான் சொல்லும். கண்ணாடியில் ரோலரை உருட்டும்போது பட்டுச்சேலை உரசுகிற மாதிரி சரசரவென்று கேட்டால் சரி. சப்புச்சப்பென்று கேட்டால் மை அதிகம். மை தளர்ந்திருந்தால் மெக்னீசியம் கார்பனேட் பொடி கொஞ்சம் தூவிக் கலந்தால் இறுகும். ரோலரின் சுற்றளவு படத்தைவிடச் சிறிதாக இருந்தால் ஒரு சுற்று முடிந்த இடத்தில் பேய்க்கோடு போல ஒரு தடம் விழும். திசை மாற்றி மாற்றி உருட்டி அதை அழிக்க வேண்டும்.

காய்வதற்கு எவ்வளவு நேரம்? வெயில் காலத்தில் எனக்கு இரண்டு மூன்று நாள். அடைமழையில் ஒரு வாரம் ஆனதும் உண்டு. கோபால்ட் டிரையர் சில துளி விட்டால் விரைவாகும். கூடினால் மையின் மேல் ஏடு படியும், பளபளப்பும் ஏறும். கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க, செய்தித்தாள் துண்டை அச்சின் மேல் வைத்து நகத்தால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டிவந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அதற்காக ஒரு மாதம் கிடப்பில் போட்டாலும் ஆகாது. மை கல்லாக இறுகி அடுத்த அடுக்கைத் தள்ளிவிடும்.

7. அச்சு, சுற்றுக்குச் சுற்று

பிரஸ் இருந்தால் பலகையின் இரு பக்கமும் அதே உயரச் சட்டம் வைத்து உருளையை ஓட்டுங்கள்; இல்லையென்றால் உருளை பலகையில் ஏறும்போது தாள் நகரும். பிரஸ் இல்லாதவர்கள் தாளின் பின்புறம் வழுவழுப்பான பட்டர்பேப்பர் போட்டு, மரக்கரண்டியின் முதுகால் தேய்க்கலாம். என்னிடம் இருப்பது மெருகேற்றிய கொட்டாங்குச்சி ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும், சூடும் ஏறாது. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறு சிறு வட்டமாகத் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்க்கலாம், பட்டைகள் குமிழிலிருந்து கழலாதவரை.

முதல் சுற்றில் பலகை கிட்டத்தட்ட முழுசாக இருக்கும். பெரிய சமதளம் என்பதால் மை அதிகம் குடிக்கும், அழுத்தமும் அதிகம் கேட்கும். இரண்டாவது சுற்றில்தான் சிவப்புக் கொடி வந்தது. கொடி இருக்கும் இடத்தைச் சுற்றி மூன்று சென்டிமீட்டருக்கு வேறு நுணுக்கம் இல்லாதபடி முன்பே படத்தை அமைத்திருந்தேன். பலகை முழுக்க ஆரஞ்சு-ரோஜா உருட்டிவிட்டு, கொடியை மட்டும் துணியால் துடைத்து, விரல் நுனியால் சிவப்பைத் தொட்டு வைத்தேன். மிஞ்சிய பதினைந்து தாளுக்கும் பதினைந்து முறை. அந்தச் சுற்று முடிந்ததும் கொடியைச் செதுக்கி எடுத்துவிட்டால், பிறகு எத்தனை நீலம் ஏறினாலும் சிவப்பு அப்படியே நிற்கும். இடம் நெருக்கமாக இருந்தால் விரலுக்குப் பதில், கொடியளவு துளை வெட்டிய தாளைப் பலகையின் மேல் மறைப்பாக வைத்துச் சின்ன ரோலரால் உருட்டலாம்.

மூன்றாவது சுற்றுக்குப் பிறகு நடந்த விபத்தையும் சொல்லிவிடுகிறேன். படகிலிருந்து கரைக்குப் போகும் கயிறு கடைசி நிறம் வரை பலகையில் நிற்க வேண்டியது. தண்ணீரின் சாம்பல் நீலத்தைக் காப்பாற்றுகிற உற்சாகத்தில், நடுவே இருந்த கயிற்றையும் சேர்த்து வழித்துவிட்டேன். உடைந்த சில்லு கையில் இருந்தால் மரப்பசை போட்டுத் திரும்ப ஒட்டலாம். தூளாகியிருந்தால் மரப்புட்டி வைத்து, காய்ந்தபின் சமமாகத் தேய்க்கலாம். கயிறு மெல்லியது, புட்டி நிற்காது. ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைக் கழுவி, பள்ளத்தில் ஒட்டி, அடியில் காகிதத் துண்டு கொடுத்துப் பலகையின் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். அச்சில் அந்தக் கயிறுதான் எல்லாவற்றையும்விட நேர்த்தியாக விழுந்தது. நான்காம் நிறம் கயிற்றின் மேலும் ஏறியிருக்குமே என்றால், ஏறியது. மேலே கறுப்பு வந்து மூடிவிட்டது. கடைசி நிறத்துக்கு உரிய பிழை என்பதால் பிழைத்தேன். வெளிர் நிறத்துக்கு உரிய இடத்தை வெட்டாமல் விட்டு அடர்நிறம் ஏற்றிவிட்டால் ஒட்டவைக்க ஒன்றும் இல்லை.

நான்கு, ஐந்தாம் சுற்றுகளில் பலகை பெரும்பாலும் பள்ளம். தாள் பள்ளத்தில் தொங்கி, தேய்க்கும்போது அடியைத் தொட்டுவிடும். இரண்டு ஏற்பாடு உதவும். படத்துக்கு வெளியே பலகையின் ஓரத்தில் சில மேடுகளை வெட்டாமல் விட்டுவைப்பது. அவை ரோலரையும் தாளையும் தாங்கும், தாளில் விழாதபடி அவற்றின் மேலிருக்கும் மையைத் துடைத்துவிட வேண்டும். இன்னொன்று, மை உருட்டியபின் பள்ளங்களின் மேல் செய்தித்தாளை வெட்டி மறைப்பாக வைத்துவிட்டு அச்சிடுவது. ஒவ்வொரு தாளுக்கும் மறைப்பு வைத்து எடுப்பது பொறுமையைச் சோதிக்கும். நீலக் கீறல் விழுந்த மேகம் அதைவிடச் சோதிக்கும்.

ரெஜிஸ்டர் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் பதற வேண்டாம். இந்த முறையில் அடர்நிறம் எப்போதும் வெளிர் நிறத்தின் மேலேயே உட்காருவதால் நடுவே வெள்ளை இடைவெளி தெரியாது. உருவத்தின் ஒரு பக்கம் முந்தைய நிறத்தின் மெல்லிய ஓரம் தெரியும், அவ்வளவுதான். அதுகூட வேண்டாமென்றால் கடைசி நிறத்தின் கோடுகளைச் சற்றுத் தடிமனாக விட்டுவையுங்கள். விலகலை அவை விழுங்கிவிடும்.

8. ஒவ்வொரு சுற்றின் முடிவில்

பலகையில் மிஞ்சிய மையை முதலில் செய்தித்தாளில் இரண்டு அச்சு எடுத்தே குறைத்துவிடுங்கள். பிறகு கடலை எண்ணெய் தொட்டுத் துடைத்து, கடைசியில் சொட்டு மண்ணெண்ணெயால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள்; பிசுக்கு இருந்தால் அடுத்த மை பிடிக்காது. ஆளி விதை எண்ணெய் மை தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அது காய்கையில் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே விரித்துப் போட்டு உலர்த்த வேண்டும்.

தாள்களைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் மூலை நெளியும். தட்டுத்தட்டாகப் பரப்பி வையுங்கள், மின்விசிறி நேரே படாமல்.

கடைசி நிறம் நன்றாக இறுக ஒரு வாரமாவது கொடுத்துவிட்டுத்தான் பட்டைகளை உரித்தேன். பதினாறில் மூன்று ரெஜிஸ்டர் விலகியவை, இரண்டில் மை ஒட்டாமல் திட்டு விழுந்தது, ஒன்றில் என் கட்டைவிரல், இன்னொன்று மஞ்சள் சுற்றிலேயே கிழிந்தது. மிஞ்சியவற்றின் அடியில் இடப்பக்கம் 1/9, 2/9 என்று பென்சிலால் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. கட்டைவிரல் பதிந்த தாள் எண் இல்லாமல் என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. கயிறு அதில்தான் நன்றாக விழுந்திருக்கிறது.